துப்பாக்கிப் பூட்டும் அதன் நகமும்

1907-ஆம் ஆண்டில் குமாவூன் மலைகளில், சம்பாவத் என்னும் ஊருக்கருகே, 436 மனிதர்களைக் கொன்றதாகக் கணக்கு வைக்கப்பட்ட ஒரு பெண்புலியைத் தொடர்ந்து சென்ற ஜிம் கார்பெட், கொண்டுபோயிருந்த மூன்று தோட்டாக்களையும் சுட்டுத் தீர்த்துவிட்டு, அடிபட்டும் விழாமல் நின்ற அந்த மிருகத்துக்கு முன்னால் கையறு நிலையில் நின்றார். உடன் வந்திருந்த தாசில்தாரிடம் ஓடிப்போய் அவருடைய துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு திரும்பி, புலியின் அருகில் சென்று குறிவைப்பதற்காக அதைத் தூக்கிய பிறகுதான், குழலுக்கும் அதன் பின்வாயை அடைக்கும் இரும்புக்கும் நடுவே ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு இடைவெளி இருப்பது அவர் கண்ணில் பட்டது. துப்பாக்கி வெடித்துச் சிதறாவிட்டாலும், பின்னோக்கிப் பாயும் தீ கண்ணைப் பறித்துவிடக் கூடும். அப்படியும் சுட்டார். குண்டு தலைக்குப் போகாமல் பாதத்தில் பட்டது. முன்பே பட்ட காயங்களால் உயிர் போய்க்கொண்டிருந்த புலி, அந்தச் சிறு தட்டிலேயே சாய்ந்தது.

இந்தச் செயலுக்குச் சன்மானமாக, ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னராயிருந்த ஸர் ஜான் ஹியூவெட் கார்பெட்டுக்கு ஒரு ரைபிளைப் பரிசளித்தார். லண்டனில் ரிக்பி கம்பெனியார் செய்தது. குழலும் கட்டையும் அவர்களுடைய கைவேலை. ஆனால் துப்பாக்கிக்கு உயிர்நிலையான பூட்டு மட்டும் ஜெர்மனியில் மௌஸர் தொழிற்சாலையிலிருந்து வந்தது. வாய் பொருந்தாத துப்பாக்கியால் முடிந்த காரியத்துக்கு, உலகத்திலேயே நன்றாக வாய் பொருந்தும் துப்பாக்கி பரிசாக வந்ததை விதியின் விநோதம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பூட்டு என்று நான் சொல்வது, தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி, பின்வாயை அடைத்து, ஊசியால் அடித்து வெடிக்கச் செய்து, வெற்றுக் கூட்டை இழுத்து வெளியே எறிகிற பொறி முழுவதையும்தான். வேட்டைக்காரர்கள் அதை ‘ஆக்‌ஷன்’ என்றே வழங்குவார்கள். கடையில் தொங்குவதை வாங்காமல், அளவு கொடுத்துச் சட்டை தைத்துக்கொள்வதுபோல் தனக்கென்று ஒரு ரைபிளைச் செய்வித்துக்கொள்ள நினைப்பவன், அதிலும் மானுக்கொன்று, கரடிக்கொன்று, யானைக்கொன்று என்று வாங்கிக் குவிக்க வசதியில்லாமல் எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்று தீர்மானிப்பவன், முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது பூட்டையே. குழல் தேய்ந்தால் வேறு குழல் போட்டுக்கொள்ளலாம். கட்டை உடைந்தால் வால்நட் மரத்தில் வேறொன்று செதுக்கிக்கொள்ளலாம். பூட்டை மாற்றினால் அது வேறு துப்பாக்கி.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் வேட்டைக்கென்று புறப்பட்ட செல்வர்களின் மனத்தில் கௌரவ ஸ்தானம் பெற்றிருந்தது இரட்டைக் குழல் ரைபிள். இரண்டு குழல்களையும் ஒரே இலக்கில் குண்டு விழும்படி இணைப்பதற்காக, கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் சுட்டுப் பார்ப்பதும், பற்றவைத்த இணைப்பை இளக்கி இம்மியளவு நகர்த்துவதும், மறுபடி சுட்டுப் பார்ப்பதுமாகப் பொறுமையோடு உழைப்பார். இரண்டு குழலுக்கும் தனித்தனிப் பூட்டாகையால் ஒன்று பழுதானாலும் மற்றொன்று கைகொடுக்கும். இரண்டாவது வெடிக்குக் கையை அசைக்க வேண்டியதும் இல்லை. யானை முன்னால் வந்து நிற்கையில் இதைவிடச் சிறந்த ஆயுதம் கிடையாது என்று சத்தியம் செய்தவர்கள் பலர். ஆனால் விலை சமஸ்தானாதிபதிகளுக்கு ஏற்றது. மேலும் மூன்றாவது வெடி வேண்டியிருந்தால், துப்பாக்கியை மடித்துத் திறந்து விரலால் தோட்டா போட வேண்டும். காட்டிலாகா உத்தியோகஸ்தர்களும் தோட்டத் துரைமார்களும் ஏங்கிப் பார்த்துவிட்டு வேறு வழி தேடினார்கள்.

வழி ஒரு சிற்றூரிலிருந்து வந்தது. வூர்ட்டம்பர்க் அரசர் 1811-இல், நெக்கார் நதிக்கரையிலுள்ள ஓபெர்ன்டார்ஃப் என்னும் ஊரில், ஒரு பழைய கிறிஸ்தவ மடத்தின் கட்டடத்தில் ஆயுதசாலை ஒன்றை ஸ்தாபித்தார். அதில் வேலை செய்த ஒரு துப்பாக்கித் தொழிலாளியின் பதின்மூன்று குழந்தைகளில் கடைக்குட்டி, 1838-இல் பிறந்த பால் மௌஸர். தமையன் வில்ஹெல்முடன் சேர்ந்து அவர் ஆக்கிய ரைபிளை 1871-இல் ஜெர்மன் சேனை ஏற்றது. அதன்பின் ஒவ்வொரு குறையாகக் களைந்து, 1893-இல் ஸ்பெயினுக்காக ஒரு மாதிரியும், அதையொட்டித் தென்னாப்பிரிக்க போயர்களின் கைக்குப் போன மாதிரியும் செய்து, 1898-இல் ஜெர்மன் சேனைக்காக அவர் முடித்துக் கொடுத்ததுதான் ‘98’ என்று சுருக்கமாக இன்றளவும் வழங்கும் பூட்டு. அமெரிக்க சர்க்கார் தங்கள் 1903-ஆம் வருஷத்து ரைபிளில் மௌஸரின் யுக்திகளைக் கையாண்டதற்காக, இரண்டு லட்சம் டாலர் உரிமைப் பணம் கொடுக்க நேர்ந்தது.

அந்தப் பூட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கதவுத் தாழ்ப்பாள் எப்படியோ அப்படித்தான் இதுவும்: கைப்பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்க வேண்டும். தூக்கும்போதே உள்ளிருக்கும் ஊசி பின்வாங்கி விசையில் ஏறிக்கொள்கிறது. தாழின் முனையிலுள்ள இரண்டு பருத்த முளைகள் மடக்கும்போது குழலின் பின்வாயைச் சுற்றியுள்ள வளையத்தின் காடிகளில் திரும்பி உட்கார்ந்து, வெடியின் வேகத்தைத் தாங்குகின்றன. அவை முறிந்தாலும் காப்பாற்றுவதற்காகப் பின்பக்கத்தில் மூன்றாவது முளை ஒன்று உண்டு. தோட்டாக் கூடு கிழிந்து புகை பின்னோக்கி வந்தால், அது பக்கவாட்டில் போகத் தாழிலே துளைகளும், சுடுகிறவன் முகத்தைக் காக்கப் பின்முனையில் அகன்ற விளிம்பும் வைத்தார் மௌஸர். பிறர் கண்களைக் காக்க இவ்வளவு யோசித்தவர், 1901-இல் தானியங்கித் துப்பாக்கி ஒன்றைப் பரீட்சித்தபோது தம் கண்களில் ஒன்றை இழந்தார்.

இவை எல்லாவற்றையும்விட வேட்டைக்காரன் விரும்பியது, தாழின் வலப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் நீண்ட எஃகு நகத்தைத்தான். தோட்டாப் பெட்டியிலிருந்து மேலெழும் தோட்டாவின் அடிவிளிம்பு, குழலுக்குள் நுழைவதற்கு முன்பே அந்த நகத்தின் கீழ் வழுக்கிச் சென்று அகப்பட்டுக்கொள்கிறது. அது முதல், கூடு வெளியே எறியப்படும் வரையில், நகம் பிடியை விடுவதில்லை. துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தாலும் தோட்டா விழாது. இதிலென்ன பிரமாதம் என்று கேட்கத் தோன்றும். தாழ் தோட்டாவைத் தள்ள மட்டும் தெரிந்ததாயிருந்தால், பதற்றத்தில் பாதி தள்ளிவிட்டு அவசரமாகப் பின்னால் இழுக்கிறவனுடைய முதல் தோட்டா குழலிலேயே கிடக்கும்; மறுபடி தள்ளும்போது இரண்டாவது தோட்டா அதன் முதுகில் இடித்து இரண்டும் சிக்கிக்கொள்ளும். போகட்டுமே, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று மான் விஷயத்தில் இருந்துவிடலாம்; கரடி விஷயத்தில் முடியாது. நகமுள்ள பூட்டில், பாதியில் இழுத்தால் தோட்டாவும் கூடவே வந்துவிடும்.

இதன் அருமையை இங்கிலாந்தில் முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர், என்ஃபீல்டிலுள்ள அரசாங்க ஆயுதசாலைக்கு 1887 முதல் 1894 வரை தலைவராயிருந்த ஜான் ரிக்பி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அவருடைய கம்பெனி மௌஸர் பூட்டுகளை வரவழைத்து விற்கும் உரிமையைப் பெற்றது. ஜெர்மானியருடைய ஏழு மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஆங்கில அளவில் ‘275 ரிக்பி’ என்று பெயரிட்டார்கள். பெரிய தோட்டாக்களுக்காக நீளமும் பருமனும் கூடிய ‘மாக்னம்’ பூட்டைச் செய்துதரும்படி ஓபெர்ன்டார்ஃபைக் கேட்டு வாங்கினார்கள். சிப்பாய்க்காக யந்திரத்தில் ஆயிரக்கணக்கில் அடித்த பூட்டு, பிரபுக்களின் கடைத்தெருவில் மெருகேறி, சித்திர வேலைப்பாட்டுடன் உட்கார்ந்தது இவ்வாறுதான்.

இந்த இடத்தில் நம் சீதோஷ்ணத்துக்கும் ஒரு பங்கு உண்டு. நீலகிரியில் அருவங்காட்டிலே 1903-இல் தொழிற்சாலை வைத்து அரசாங்கத்தார் செய்யத் தொடங்கிய கார்டைட் என்னும் புகையில்லா வெடிமருந்து, வெயிலில் காய்ந்தால் மிகுந்த உக்கிரத்துடன் எரியும். இங்கிலாந்தின் குளிரில் சாதுவாக நடந்துகொண்ட தோட்டா, சித்திரை வெயிலில் கூடு உப்பிக் குழலோடு இறுகி, வெளியே வர மறுக்கும். அப்படி இறுகியதைப் பிடுங்குவதற்கு மௌஸரின் நகம் வசதியாயிற்று. அதோடு, மருந்து தாராளமாக இருக்க அறையைப் பெரிதாக்கி அழுத்தத்தைக் குறைத்தால் உஷ்ண தேசத்துக்கு நல்லது என்று கண்ட ரிக்பியார், 1911-இல் ‘416’ தோட்டாவை வெளியிட்டார்கள். மறு வருஷமே ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனியாரின் ‘375’ வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே ரைபிள் என்று கேட்பவர்களுக்கு இன்றும் பலர் சொல்லும் பதில் இந்த 375-தான்.

சட்டமும் தோட்டாவின் அளவை நிர்ணயித்தது. 450 அளவுள்ள தோட்டாக்கள் கலகக்காரர் கைக்குப் போனால் பழைய மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கிகளுக்குப் பயன்படும் என்றஞ்சி, 1907-ஐ ஒட்டி இந்தியாவிலும் சூடானிலும் அந்த அளவைத் தடுத்துவிட்டார்கள். உடனே லண்டன் கம்பெனிகள் 465, 470, 475 என்று நூலிழை வித்தியாசத்தில் புதியவற்றைப் படைத்தன. சேனையின் 303-ஐயும் ஜனங்களுக்குக் கொடுக்க மனமில்லாமையால், ஆஸ்திரியத் தோட்டா ஒன்றையொட்டிய 315 இங்கே வேரூன்றியது. வங்காளத்தில் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்த 315-ஐத்தான், காவலுக்கும் வேட்டைக்குமாக நம் மிராசுதார்கள் பலர் வைத்திருந்தார்கள்.

மௌஸரைக் கொண்டாடுவோர் தவறாமல் எடுத்துக்காட்டும் பெயர், ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்று, அவற்றில் பெரும்பாலானவற்றை 275 ரிக்பியாலேயே வீழ்த்திய டபிள்யூ. டி. எம். பெல். யானைத் தலையை அறுத்துப் பார்த்து மூளை இருக்குமிடத்தைக் கற்றவர் அவர். அந்தக் கணக்கைப் படித்துவிட்டுச் சிறிய தோட்டாவே போதும் என்று முடிவு கட்டுவது விவேகமாகாது. எல்லாரும் மௌஸரையே நாடினார்கள் என்பதும் இல்லை. பெங்களூரில் வாழ்ந்து, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் முதலான சேலம் ஜில்லாக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடித் திரிந்த கென்னத் ஆண்டர்சன், நெம்புகோலைக் கீழே தள்ளித் தோட்டா மாற்றும் 1895-ஆம் வருஷத்து வின்செஸ்டரைக் கடைசி வரையில் விடவில்லை. கைக்குப் பழகிய பூட்டுக்கு ஈடு கிடையாது என்பதற்கு அவரே சாட்சி.

இரண்டு உலக யுத்தங்களுக்குப் பிறகு, ஏழைக்கும் மௌஸர் எட்டியது. 1945-இல் பிரெஞ்சுச் சேனை ஓபெர்ன்டார்ஃபைப் பிடித்து யந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போயிற்று. ஆனால் அதற்குள் லட்சக்கணக்கான 98-கள் உலகெங்கும் சிதறிக் கிடந்தன. சொற்ப விலைக்கு வாங்கிய சேனைத் துப்பாக்கியை அமெரிக்கக் கைவினைஞர்கள் பிரித்து, பூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, தூரதர்சினியில் இடிக்காதபடி கைப்பிடியைத் தாழ வளைத்து, அதே காரணத்துக்காகக் காப்புத் திருகையும் மாற்றி, விசையை இளக்கி, புதுக் குழலும் புதுக் கட்டையும் பூட்டிக் கொடுத்தார்கள். யுத்தத்தின் கடைசி மாதங்களில் அவசரமாய் அடித்தவற்றை ஒதுக்கிவிட்டு, செக்கோஸ்லோவாகியாவின் பர்னோவிலும் பெல்ஜியத்தின் ஹெர்ஸ்டாலிலும் அமைதிக் காலத்தில் செய்தவற்றைத் தேடுவதும், மூன்றாம் முளையில்லாத 1893, 1896 மாதிரிகளில் உக்கிரமான தோட்டாக்களைப் போடாதிருப்பதும் அறிந்தவர் வழக்கம்.

நகத்தைச் செதுக்குவதற்குச் செலவு அதிகம். 1962-இல் வந்த ரெமிங்டன் 700, நகத்துக்குப் பதில் தாழின் முகத்துக்குள் ஒரு சிறு கொக்கியை வைத்து, விலையும் மலிவாய், குறியும் தவறாமல், பெரும் பெயர் பெற்றது. இலக்குப் பலகையைச் சுடுவதற்கு அதை வேண்டாமென்று நான் சொல்ல மாட்டேன். 1936 முதல் மௌஸர் நகத்தோடு ‘மாடல் 70’ ரைபிளைச் செய்துவந்த வின்செஸ்டர் கம்பெனியாரும் 1964-இல் அதை எடுத்துவிட்டார்கள். வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்தார்கள், அந்த வருஷத்துக்கு முந்திய பழைய துப்பாக்கிகளுக்குப் புதியவற்றைவிட விலை ஏறியது. ஏறக்குறைய முப்பது வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கம்பெனியார் நகத்தை மறுபடியும் வைத்தார்கள்.