நன்னூலார் கண்ட கல்வியும் சென்னை முறையும்

கற்பிக்கும் முறை எதுவாயினும் அதன் அடியில் ஒரு கல்விக் கொள்கை உண்டு. கல்வி எதற்கு, கற்பவர் யார், கற்பிப்பவர் கடமை யாது என்னும் வினாக்களுக்கு ஒரு சமுதாயம் தரும் விடையே அக்கொள்கை எனலாம். அவ்விடை மாறுமாயின், புறத்தோற்றத்தில் மாறாதிருக்கும் முறையும் அகத்தில் வேறாகி விடுகிறது. மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் வழங்கியதும், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் 'சென்னை முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்தில் பரவியதும் தோற்றத்தில் ஒன்றே. ஆயினும் அவற்றின் பின்னே நின்ற எண்ணங்கள் வெவ்வேறானவை.

நன்னூலார் கொள்கை

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்டுகோளால் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் ஓர் இலக்கண நூல். எனினும் அதன் பொதுப்பாயிரம் தமிழரின் கல்விக் கொள்கையைத் தொகுத்துக் கூறும் பகுதியாக விளங்குகிறது. நூலின் இயல்பு, ஆசிரியர் இயல்பு, கற்பிக்கும் திறன், மாணாக்கர் இயல்பு, பாடம் கேட்கும் முறை என ஐந்து பொருள்களை அது வகுத்துரைக்கிறது. நல்லாசிரியருக்கு நிலமும் மலையும் துலாக்கோலும் மலரும் உவமைகளாகின்றன. மாணாக்கருள் அன்னமும் பசுவும் போன்றோர் முதல்வகையினர். மண்ணும் கிளியும் போன்றோர் இடைவகையினர். சொன்னதையே திருப்பிச் சொல்லும் கிளிக்கு முதலிடம் தரப்படவில்லை என்பது ஈண்டு நினைத்தற்குரியது.

கல்வி நிரம்பும் வகையைப் பவணந்தியார் கணக்கிட்டுக் காட்டும் இடம் இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. ஆசிரியர் உரைத்ததைச் செம்மையாக உட்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே. உடன் பயில்வாரோடு கூடிப் பயில்வதால் மற்றொரு காற்பங்கு சேர்கிறது. எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் கைகூடுகிறது. அதாவது, பிறர்க்குக் கற்பித்தல் என்பது கற்று முடித்தவர் செய்யும் தொண்டு மட்டுமன்று. கல்வியின் நிறைவுப் பகுதியே அதுதான். கற்பிக்கும் மாணாக்கன் அங்கு ஆசிரியரின் கைக்கருவி அல்லன். அச்செயலின் முதற்பயனைப் பெறுபவன் அவனே.

திண்ணைப் பள்ளியின் நடைமுறை

நன்னூல் இலக்கணம் பயிலும் முதிர்ந்த மாணாக்கரை நோக்கியது. திண்ணைப் பள்ளியோ எழுத்தும் எண்ணும் தொடங்கும் இளஞ்சிறாருக்குரியது. நன்னூலைப் பார்த்துத் திண்ணைப் பள்ளிகள் அமைக்கப்பட்டன என்று கூறுதல் பொருந்தாது. எனினும் இரண்டும் ஒரே கல்வி மரபில் தோன்றியவை. மணலில் விரலால் எழுதப் பழகி, பின்னர் ஓலையும் எழுத்தாணியும் ஏந்தி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நிகண்டு, எண்சுவடி என்று படிப்படியாகப் பயின்றனர் அக்காலச் சிறுவர். ஆசிரியர் ஒருவரே, பிள்ளைகளோ வெவ்வேறு வயதினர். ஆகவே மூத்தவன் இளையவனுக்கு முறைவைத்துச் சொல்லிக் கொடுத்தான். ஆசிரியர்க்கு அடுத்த நிலையில் பள்ளியைக் கண்காணித்தவன் சட்டாம்பிள்ளை. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' இத்தகைய பள்ளி வாழ்க்கையை விரிவாகக் காட்டுகிறது.

இவ்வழக்கம் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. 1623ஆம் ஆண்டில் கன்னட நாட்டில் பயணம் செய்த இத்தாலியரான பியத்ரோ தெல்லா வல்லே, கோயில் மண்டபம் ஒன்றில் நான்கு சிறுவர் தரையில் மணல் பரப்பி, இசையோடு ஓதிக் கணக்குப் பயில்வதைக் கண்டார். ஆசிரியர் உடனில்லை. ஐயம் எழுந்தால் யார் திருத்துவார் என்று அவர் வினவியபோது, நால்வரும் ஒருசேர மறத்தல் இயலாது என்னும் கருத்தில் அவர்கள் விடை கூறினர். உடன் பயில்வாரால் வரும் காற்பங்கிற்கு இதனினும் சிறந்த விளக்கம் காண்டல் அரிது.

எழும்பூரில் பெல்

ஸ்காட்லாந்தில் 1753இல் பிறந்த ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார் 1787இல் சென்னை வந்தார். 1789இல் எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கென அமைந்த இல்லத்தின் பொறுப்பை ஊதியம் பெறாமல் ஏற்றார். அங்கிருந்த துணையாசிரியர்களின் போக்கு அவருக்கு மனநிறைவு அளிக்கவில்லை. அந்நிலையில், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறே கற்பிக்கப் பணித்தார். துணையாசிரியர் அதற்கு இணங்காமையால், எட்டு வயதான ஜான் பிரிஸ்கன் என்னும் படைவீரர் மகனிடம் அகரவரிசை வகுப்பை ஒப்படைத்தார். முதிர்ந்தோர் தயங்கிய பணியை அச்சிறுவன் செவ்வனே செய்து முடித்தான். அதன்பின் பள்ளி முழுவதும் மாணவர் வழியே நடைபெறலாயிற்று.

மணலெழுத்தை எங்குக் கண்டார் என்பதைப் பெல் மறைக்கவில்லை. மாணவர் வழிக் கற்பித்தலையோ தம் சொந்தக் கண்டுபிடிப்பாகவே கருதினார். 1796இல் தாயகம் திரும்பிய அவர், சென்னை இல்லத்தில் செய்த கல்விச் சோதனை குறித்து 1797இல் இலண்டனில் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார்.

இங்கிலாந்தில் நிகழ்ந்த மாற்றம்

அக்காலத்தில் இங்கிலாந்தில் தொழிற்சாலைகள் பெருகிக் கொண்டிருந்தன. நகரங்களில் திரண்ட ஏழைப் பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் கல்வி தரும் வழியைப் பலர் தேடினர். 1798இல் இலண்டன் ஆல்டுகேட்டில் ஒரு பள்ளி பெல்லின் முறையை மேற்கொண்டது. அதே ஆண்டில் ஜோசப் லங்காஸ்டர் இலண்டன் பரோ சாலைப் பகுதியில் பள்ளி தொடங்கி, இத்தகைய முறையையே வளர்த்தார். ஒரே ஆசிரியரைக் கொண்டு ஆயிரம் பேர் வரை கற்பிக்கலாம் என்றார் அவர். அடிப்பதை விலக்கியபோதிலும், கழுத்தில் மரக்கட்டை மாட்டுதல், கூடையிலிட்டுக் கூரையில் தொங்கவிடுதல் போன்ற தண்டனைகளை அவர் புகுத்தினார். 1811இல் ஆங்கிலத் திருச்சபை சார்பில் தோன்றிய தேசியச் சங்கம், பெல்லின் முறையை நாடெங்கும் பரப்பியது.

முறையைப் போற்றியவர்கள் அதனை நீராவி இயந்திரத்தோடு ஒப்பிட்டனர். உழைப்பைக் குறைத்து விளைவைப் பெருக்குவதே அதன் சிறப்பு என்பது அவர்தம் கருத்து. ஏழைப் பிள்ளைகளுக்கு அவர்தம் நிலைக்கு மேற்பட்ட கல்வி வேண்டுவதில்லை என்றே பெல்லும் எண்ணினார். எழுத்தும் கணக்கும்கூட எல்லார்க்கும் கற்பிக்கப்பட வேண்டுமா என அவர் ஐயுற்றார். கொள்கை இவ்வாறு சுருங்கியபோது, கற்பிக்கும் சிறுவன் ஆசிரியரின் ஊதியத்தை மிச்சப்படுத்தும் கருவியானான். தான் மனப்பாடம் செய்ததை அடுத்த வரிசைக்குச் சொல்வதே அவன் பணி. அதனால் அவன் அறிவு பெருகுகிறதா என்னும் வினா பின்தள்ளப்பட்டது. இக்குறையை உணர்ந்தே 1846இல் கே ஷட்டில்வொர்த் முயற்சியால், பதின்மூன்று வயதானோரைத் தேர்ந்து ஐந்தாண்டுகள் பயிற்றும் 'மாணவ ஆசிரியர்' திட்டம் கொண்டுவரப்பட்டது. சட்டாம்பிள்ளையின் இங்கிலாந்து வாழ்வு அதனோடு தேயலாயிற்று.

மன்றோவின் கணக்கெடுப்பு

இதற்கிடையில், 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ மாகாணத்தின் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826ஆம் ஆண்டின் அறிக்கைப்படி, 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன. 1,88,650 பேர் பயின்றனர். தரம்பால் 1983இல் வெளியிட்ட நூல் இவ்வாவணங்களை மீண்டும் கவனத்திற்குக் கொணர்ந்தது. தமிழ் மாவட்டங்களில் பயின்றோருள் பிராமணர் அல்லாதாரே பெரும்பான்மையினர் என்பதை அது எடுத்துக்காட்டியது.

அவ்வறிக்கைகளுள் பல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823இல் எழுதியது தனிச்சிறப்புடையது. முதலில் பள்ளி வருபவன் உள்ளங்கையில் கலைமகள் பெயரை எழுதுவதும், அடுத்தவன் கையில் சுழி இடுவதும், பின்வருவோர்க்கு ஒவ்வோர் அடியாகக் கூட்டுவதும் அதில் குறிக்கப்பட்டுள்ளன. முதிர்ந்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும்போது தம் அறிவையும் உறுதிப்படுத்திக் கொள்கின்றனர் என்று பாராட்டிய அவர், இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகும் என்றார். நன்னூலாரின் அரைப்பங்கை அயல்நாட்டு அலுவலர் ஒருவர் நேரில் கண்டு எழுதிய சான்று இது.

அதே கேம்பெல் இப்பள்ளிகளின் குறையையும் மறைக்கவில்லை. பொருள் விளங்காத செய்யுள்களைப் பிள்ளைகள் கிளிபோல் ஒப்பிக்கின்றனர் என்று அவர் வருந்தினார். நன்னூலார் இடைவகையில் வைத்த கிளியே பல திண்ணைகளில் இலக்காகி விட்டது. மன்றோவின் கணக்கில் பெண்கள் 4,540 பேரே. தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு ஊர்த்திண்ணைகள் பெரும்பாலும் இடந்தரவில்லை. பிரம்படியும் கோதண்டமும் நாள்தோறும் இருந்தன. ஆகவே பழைய பள்ளிகளைக் குறையற்றவை எனப் போற்றுதலும், அவற்றின் உயர்ந்த கூறுகளைப் புறந்தள்ளுதலும் வரலாற்று நோக்கிற்கு ஒவ்வா.

நிறைவுரை

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் தமிழகத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த செயல்வழிக் கற்றல் முறையில், சக மாணவர் துணையோடு பயிலும் குழுவும் இடம்பெற்றது. பள்ளிக்குள் வர இடமற்றிருந்தோரின் பிள்ளைகளும் பாயில் ஒன்றாக அமர்ந்து, ஒருவர்க்கொருவர் சொல்லிக் கொடுக்கும் நிலை அங்கு உருவானது. திண்ணையில் இல்லாத சமன்மை அது.

மாணவர் மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை இனி எவர் கையாண்டாலும், ஒரு வினாவை முன்வைத்தல் வேண்டும். இதனால் பயன் பெறுபவர் யார்? ஆசிரியர் பற்றாக்குறையை மறைப்பதற்கு அம்முறை கொள்ளப்படின், பெல்லின் சென்னை முறை அடைந்த முடிவையே அது அடையும். கற்பிக்கும் பிள்ளையும் கற்கும் பிள்ளையும் ஒருங்கே வளர்வதற்கு ஆசிரியர் அருகிருந்து துணைசெய்வாராயின், பவணந்தியார் கணக்கிட்ட அரைப்பங்கு இக்காலப் பிள்ளைகளுக்கும் உரியதாகும்.