கதவின் இரண்டு பக்கமும்

நான் குடியிருக்கும் செம்பாக்கத்திலிருந்து மேடவாக்கத்தைத் தாண்டினால் பெரும்பாக்கம். நான் தமிழ் நடத்தும் இளநிலை சமூகப்பணி வகுப்புக்கு ஒரு மாணவி அங்கிருந்து வருகிறாள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்டு, அங்கே அடுக்குமாடியில் குடிவைக்கப்பட்ட குடும்பம். களப்பணிக்கு அவள் குழுவுக்கு ஒதுக்கப்பட்டதும் அதே குடியிருப்புதான். "எங்க பிளாக்லயே நான் போய்க் கணக்கெடுக்கணுமா மேம்? எங்க அம்மா கதவத் தொறந்தா என்னன்னு கேக்கறது?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

1908இல் ஆலிஸ் சாலமன் பெர்லினில் பெண்களுக்கான சமூகப் பள்ளியைத் தொடங்கினார். பிரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களை முறையான மாணவர்களாக ஏற்றதும் அந்த ஆண்டில்தான். அதற்கு முன்பே சிறப்பு அனுமதியில் படித்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி ஏன் வேறுபடுகிறது என்று ஆராய்ந்து, 1906இல் முனைவர் ஆனவர் அவர். கல்யாணத்துக்குக் காத்திருப்பதே வேலையாக இருந்த வசதியான வீட்டுப் பெண்களுக்கு, ஏழைத் தொழிலாளியின் கதவைத் தட்டுவது தன் வீட்டு வாசலைத் தாண்டுவதாகவும் இருந்தது. யூதக் குடும்பத்தில் பிறந்த ஆலிஸை 1937இல் நாஜி அரசு நாட்டைவிட்டே வெளியேற்றியது.

இந்தியாவில் இந்தக் கல்வி 1936இல் பம்பாயில் தொடங்கியது. டாடா அறக்கட்டளையின் பணம். இயக்குநர் கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரி. பாடமுறையும் பெரிதும் அமெரிக்காவைப் பார்த்து அமைந்தது. அதில் 'கேஸ்' என்றால் ஒரு தனிமனிதர், அல்லது ஒரு குடும்பம். ஆனால் இங்கே தட்டுகிற கதவுக்கு முன்னாலும் பின்னாலும் சாதி இருந்தது. அதே ஆண்டு, அதே பம்பாயிலிருந்துதான் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலை வெளியிட்டார்.

சென்னையில் 1952இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கை நிறுவியவர் மேரி கிளப்வாலா ஜாதவ். இளம் வயதிலேயே கணவரை இழந்து, பொதுப்பணியில் தன்னை நிறுத்திக்கொண்டவர். பெண்களிடம் சம்பளமில்லாமல் எதிர்பார்க்கப்பட்ட 'சேவை', படித்துச் செய்யும் தொழிலாக மாறியதில் அவருக்குப் பங்குண்டு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் மூன்று ஊர்களிலும் பாடத்துக்குள் ஒரே படம்தான் தெரிகிறது. மாணவி வெளியிலிருந்து வருகிறாள். கதவைத் திறக்கும் பெண் வேறொருத்தி. திறப்பவளின் மகளே நோட்டோடு வந்து நிற்பாள் என்று அந்தப் பாடம் எண்ணியிருக்கவில்லை.

என் மாணவி போனாள். வினாத்தாளில் 'மாத வருமானம் எவ்வளவு' என்பதற்குக் கீழே தன் கையால் ஒரு கேள்வி சேர்த்திருந்தாள்: 'இங்கே வந்த பிறகு எந்த வேலையை விட்டீர்கள்?' முதல் பதில் அவள் அம்மாவுடையது. பழைய இடத்தில் நான்கு வீடுகளில் வேலை செய்தவர். போக்குவரத்துக்கே பாதிச் சம்பளம் போனதால் நான்கையும் விட்டவர்.

அந்தத் தாளை மதிப்பெண்ணுக்காக அவள் கொடுத்துவிட்டாள். ஒரு நகல் என்னிடம் இருக்கிறது.