எங்க ஊர் எந்த ஸ்டேட்?

நான் இருக்கும் அமெரிக்க டவுன்ஷிப்பில் நூறு வருடக் கட்டடம் என்றால் வாசலில் ஒரு பலகை வைத்துவிடுவார்கள். போன வாரம் அப்படி ஒன்றைப் படித்துவிட்டு மகள் கேட்டாள்: "நம்ம ஊர்ல என்னப்பா இருக்கு? நாம தமிழா, மலையாளமா?"

எனக்கு ஊர் பாறசாலை. பாட்டி பிறந்தது பக்கத்துக் களியக்காவிளை. நடுவே மாநில எல்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. "என்னைக் கெட்டிக்கொண்டு வந்தப்ப எல்லாம் ஒரே திருவிதாங்கூர்தான், மக்களே" என்பார் பாட்டி.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலில் 'அம்மச்சி பிலாவு' என்ற பலாமரம் உண்டு. எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்தியபோது மார்த்தாண்ட வர்மா அதன் பொந்தில் ஒளிந்து தப்பினார் என்பது கதை. 1729இல் அவர் மன்னரானார். அவர் ஒளிந்த மரம் இன்று கேரளத்தில். அவர் ஆண்ட பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில். ஆனால் பராமரிப்பது கேரள அரசு! மகளுக்கு இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பேங்க்காரன் புத்தி, பத்திரங்கள் ஞாபகம் வந்தன. அப்பாவின் நிலப் பத்திரம் மலையாளத்தில், பாட்டி வழி வந்த பங்கு தமிழில். மகளுக்கு இரண்டுமே படிக்கத் தெரியாது.

இந்தச் சனிக்கிழமை முதல் 'அ'னாவில் ஆரம்பிக்கிறோம். அடுத்த லீவுக்கு அந்த மரத்தைக் காட்டவேண்டும். உங்கள் வீட்டில் எப்படி?