கால்வாய்க்குள் இறங்கிய தூண்கள்

சென்னை ஒரு கால்வாய் நகரம் என்பதை விமானநிலையத்துக்கு விரைகிறவர்கள் மறந்துவிட்டார்கள். 1877–78 பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்கள் வெட்டிய சுமார் 8 கிலோமீட்டர் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதிதான் கூவம் ஆற்றையும் அடையாற்றையும் இணைத்தது. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் பக்கிங்காம் கால்வாய் வழியே நகருக்கு வந்தன. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில், விமானநிலையம் இருக்கும் மீனம்பாக்கம் வழியே ஓடத் தொடங்கியது; பின்னர் லாரிகளும் பெருகின. நீர்வழி தேவையற்றதாகத் தோன்றியது. 1995இல் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. திருமயிலை நிலையம் அதன் மேலேயே நிற்கிறது.

செத்த கால்வாய்தானே, நிலம் வாங்கும் செலவு மிச்சம் என்பார்கள். செலவு மிச்சமானது உண்மை. ஆனால் கால்வாய் தானாகச் சாகவில்லை. சாக்கடையை விட்டு, தூர்வாராமல் நாம்தான் சாகடித்தோம். படகு நின்றாலும் வெள்ளத்தைக் கடலுக்குக் கடத்தும் வேலை அதற்கு எஞ்சியிருந்தது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி, அதன்மேல் பாலமிட்டு ஓடுபாதை நீட்டிய விமானநிலையமே பல நாள் மூடிக்கிடந்தது. அதற்குக் கால்வாய் மட்டும் காரணமல்ல. நீரின் வழியை வெற்றிடமாகக் கருதும் மனப்போக்கே காரணம். 2016இல் மெட்ரோ விமானநிலையத்தைத் தொட்டது நல்லதுதான். ஆனால் நீர்வழியைக் காப்பதும் போக்குவரத்துத் திட்டத்தின் பகுதி என்று ஏற்காதவரை அந்தப் பாதை உறுதியானதல்ல.