சியேனாவின் வெள்ளைச் சாலைகள்

இத்தாலி தேசத்தின் மத்திய பாகத்தில், தொஸ்கானா என்னும் பிரதேசத்தில், சியேனா நகரத்தைச் சூழ்ந்த கிராமாந்தரங்களில் தார் படாத சாலைகள் இன்றும் ஏராளமாக இருக்கின்றன. சுண்ணாம்புப் பாறையை உடைத்துப் பரப்பிய சரளையால் ஆனவையாதலால், கோடையில் அவை கண் கூசும்படி வெளுத்துக் கிடக்கும். முன்னே ஒரு வண்டி போய்விட்டால், பின்னால் வருகிறவனுடைய புருவமும் மீசையும் மாவு மில்லில் வேலை செய்கிறவனுடையவை போல் ஆகிவிடும். வெள்ளைச் சாலைகள் என்றே அந்த ஊராரும் இவற்றை வழங்குகிறார்கள். சரளைச் சாலையில் சைக்கிள் விடுவது மேல்நாடுகளில் ஒரு பெரிய மோகமாகப் பரவியிருக்கும் இக்காலத்தில், அந்த மோகத்துக்கு ஆளானவர்கள் தேடி வரும் இடங்களுள் சியேனா முக்கியமானது. வருகிறவர்களிற் பலர், இந்தச் சாலைகளை யாரோ ரசிகர்கள் அழகுக்காகவே பேணி வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். நெடுங்காலம் இவற்றைக் காப்பாற்றி வைத்தது தரித்திரமே.

சியேனாவுக்குத் தெற்கே உள்ளது களிமண் பூமி. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சாம்பல் நிறக் களி, பிற்காலத்தில் மேலெழுந்து, மழையால் அறுபட்டு, மேடும் பள்ளமுமாக, மரம் அதிகமில்லாத மொட்டைக் குன்றுகளாக நிற்கிறது. ஆர்பியா, ஓர்ச்சா என்னும் இரண்டு நதிகள் இந்தக் குன்றுகளினிடையே ஓடி ஓம்ப்ரோனே நதியில் கலக்கின்றன. நம்மவர்கள் நதியோரமாகவே சாலை போட்டுப் பழகியவர்கள். அங்கோ பள்ளத்தாக்கின் அடிப்பாகம் சதுப்பும் வெள்ளமுமாக இருந்தபடியாலும், ஈரக் களி சரிந்து சாலையையே விழுங்கிவிடுமாதலாலும், முற்காலத்து ஜனங்கள் தங்கள் வீடுகளையும் வழிகளையும் குன்றின் முதுகில் அமைத்துக்கொண்டார்கள். ஆகவே, ஒரு கிராமத்திலிருந்து எதிர்க் குன்றிலுள்ள கிராமத்துக்குப் போக வேண்டுமானால், பள்ளத்தில் இறங்கி ஓடையைக் கடந்து மறுபடியும் ஏறியாக வேண்டும். மலை என்று சொல்லும்படி அங்கே பெரிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும், நாள் முழுவதும் சைக்கிள் விட்டவன் மாலையில் கணக்குப் பார்த்தால் ஒரு பெரிய மலையை ஏறி இறங்கியிருப்பான்.

இந்த வழிகளில் மிகப் புராதனமானது ரோமாபுரிக்குச் செல்லும் யாத்திரை மார்க்கம். 990-ஆம் ஆண்டையொட்டி, இங்கிலாந்தின் கான்டர்பரி ஆர்ச்பிஷப்பாகிய சிஜெரிக் என்பவர் ரோமிலிருந்து ஊர் திரும்பியபோது தங்கிய இடங்களை வரிசையாகக் குறித்து வைத்தார். சான் குயிரிகோ, ஆர்பியா, சியேனா எல்லாம் அதில் இருக்கின்றன. பிறகு வந்தது போர்க் காலம். 1260 செப்டம்பர் 4-ஆம் தேதி, ஆர்பியா நதிக்கு அருகில் மோந்தாபெர்த்தி என்னுமிடத்தில், சியேனாக்காரர்கள் புளோரன்ஸ் படையைத் துவம்சம் செய்தார்கள். அன்று அந்த நதி சிவந்து ஓடியதைத் தாந்தே தம் காவியத்தில் நினைவுகூர்கிறார். இச்சாலைகளில் இப்போது நடக்கும் சைக்கிள் பந்தயத்தின் பாதையில் மோந்தாபெர்த்தியின் பெயரால் ஒரு சரளைத் துண்டு இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் கூட இல்லாத அதைக் கடக்கிறவர்களுக்குப் போரைப் பற்றி நினைக்க அவகாசமிராது.

ஆனால் யாத்திரீகர்களும் படைகளும் பெரிய வழிகளில் போனவர்கள். குன்றுக்குக் குன்று, வீட்டுக்கு வீடு பிரிந்து செல்லும் எண்ணற்ற கிளைச் சாலைகள் உண்டானதற்குக் காரணம் அந்நாட்டு விவசாய முறை. நம் தஞ்சை ஜில்லாவில் வாரம் என்று சொல்லுவோமே, ஏறக்குறைய அதுதான். நிலமும் வீடும் பிரபுவுக்குச் சொந்தம், உழைப்பு குடியானவனுடையது, கோதுமை, திராட்சை ரசம், ஒலிவ எண்ணெய் எல்லாவற்றிலும் ஆளுக்குச் சரிபாதி. ஆயினும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் ஊர் வாரதாரர் கிராமத்தில் குடியிருந்து வயலுக்குப் போய்வந்தார். அந்நாட்டுக் குடியானவனோ, தான் பயிரிட்ட நிலத்தின் நடுவிலேயே, தன் பெரிய குடும்பத்தோடும் மாடுகளோடும், ஒற்றைக் கல்வீட்டில் வசித்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வண்டிப்பாதை வேண்டியதாயிற்று. எல்லாப் பாதைகளும் பிரபுவின் காரியஸ்தர் கணக்குப் பார்க்கும் பண்ணை மாளிகைக்கு வந்து சேர வேண்டியதாயிற்று. வெள்ளை மாடுகள் பூட்டிய வண்டியில் பிரபுவின் பாதி ஏறிச் சென்ற பாதைகள் இவை. ஓரத்து வடிகால்களைத் தூர் எடுப்பதும் அந்தக் குடியானவன் தலையிலேயே விழுந்தது. வடிகால் அடைபட்டால் ஒரே மழைக்காலத்தில் சாலை ஓடையாகிவிடும் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும்.

இங்கே, படம் பிடிக்கிறவர்களைப் பற்றிய ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஓர்ச்சா பள்ளத்தாக்கில், இருபுறமும் சைப்ரஸ் மரங்கள் நிற்க, குன்றின் மேல் வளைந்து வளைந்து ஏறும் ஒரு வெள்ளைச் சாலை காலண்டர்களிலெல்லாம் காணப்படுகிறது. பார்க்கிறவர்கள் அதை ஐந்நூறு வருஷத்துப் பழமை என்று வியக்கிறார்கள். உண்மையில் அது சென்ற நூற்றாண்டில் உண்டானது. ஐரிஸ் ஒரிகோ என்னும் எழுத்தாளரும் அவர் கணவர் அந்தோனியோவும் 1924-ல் லா ஃபோச்சே என்ற பண்ணையை வாங்கியபோது, அங்கே மண் அரித்துப் பாழாகிய குன்றுகளும், எழுத்தறியாத குடியானவக் குடும்பங்களும்தான் இருந்தன. அவர்கள் பள்ளிக்கூடமும் வைத்திய சாலையும் கட்டி, மண் சரிவைத் தடுத்து, சாலைகளையும் போட்டார்கள். அந்தச் சைப்ரஸ் வரிசை இப்படி வந்ததே. இரண்டாவது உலக யுத்த காலத்தில் அதே பள்ளத்தாக்கில் நடந்தவற்றை அந்த அம்மையார் நாட்குறிப்பாக எழுதி 1947-ல் வெளியிட்டார். சைக்கிளில் வருகிறவர்கள் காலண்டரை விட்டுவிட்டு அதைப் படிப்பது மேல்.

யுத்தத்துக்குப் பிறகு வார முறை நிலைகுலைந்தது. இளைஞர்கள் பட்டணத்துத் தொழிற்சாலைகளை நாடிப் போய்விட்டார்கள். 1964-ல் சட்டமே புதிய வார ஒப்பந்தங்களைத் தடை செய்தது. கல்வீடுகள் ஆளில்லாமல் கூரை இடிந்து கிடந்தன. இத்தாலி முழுவதும் தார்ச் சாலைகள் மளமளவென்று பெருகிய அதே சமயத்தில், குடியில்லாத வீட்டுக்குப் போகும் சாலைக்குத் தார் ஊற்ற யார் செலவழிப்பார்கள்? அவை அப்படியே விடப்பட்டன. பின்னர் அந்த வீடுகளைத் தனவந்தர்களும் அந்நிய தேசத்தாரும் வாங்கிப் புதுப்பித்துக் குடியேறத் தொடங்கியபோது, தாரும் கூடவே வந்துவிடுமோ என்ற பயம் சிலருக்கு உண்டாயிற்று.

அப்படிப் பயந்தவர்களில் ஒருவர் ஜியான்கார்லோ ப்ரோச்சி. 1997-ல், கியாந்திப் பகுதியிலுள்ள காயோலே என்னும் சிற்றூரிலிருந்து, பழைய சைக்கிள்களில் வெள்ளைச் சாலைகள் வழியாக ஒரு சவாரியை அவர் ஏற்பாடு செய்தார். வந்தவர்கள் 92 பேர். 'லெரோயிகா' என்ற அந்தச் சவாரிக்கு இப்போது ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். 1987-க்கு முன் செய்த சைக்கிளாக இருக்க வேண்டும். கியர் மாற்றும் நெம்புகோல் சட்டத்தின் கீழ்க்குழாயிலேயே இருக்க வேண்டும். பிரேக் கம்பி கைப்பிடிக்கு வெளியே வளைந்து வர வேண்டும். பெடலில் வார் இருக்க வேண்டும். விதிகள் கடுமைதான், ஆனால் வழியில் உபசாரம் தாராளம்: துணி விரித்த மேஜையில் ரொட்டியும், பன்றியிறைச்சித் துண்டுகளும், பழைய ரொட்டியைக் கீரையோடும் அவரையோடும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சியும், ஒரு கிண்ணம் திராட்சை ரசமும் கிடைக்கும். முழுப் பாதை 209 கிலோமீட்டர். அதற்குப் புறப்படுகிறவர்கள் விடியுமுன், விளக்கு வரிசைகளின் நடுவே, ப்ரோலியோ கோட்டைக்கு ஏறுகிறார்கள்.

2007-ல் இதே சாலைகளில் தொழில்முறைப் பந்தயம் ஒன்றும் ஆரம்பமாயிற்று. 2015 முதல் பெண்களுக்கும் நடக்கிறது. ஆண்கள் பந்தயத்தில் சுவிட்சர்லாந்தின் ஃபேபியன் கான்செல்லாரா மூன்று தடவை வென்றபடியால் ஒரு சரளைத் துண்டுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். வெயிலில் தூசி என்றால் மழையில் சேறு: 2010 மே மாதம் இத்தாலியச் சுற்றுப் பந்தயம் மோந்தால்சினோவுக்கு இச்சாலைகள் வழியாக வந்த அன்று, யாருடைய சட்டை என்ன நிறம் என்பதே தெரியவில்லை, உலகச் சாம்பியனின் வானவில் சட்டையோடு வென்ற கேடெல் எவன்ஸும் களிமண் பொம்மையாகவே வந்து சேர்ந்தார்.

முன் சொன்ன தொழில்முறைப் பந்தயம் சியேனாவில் முடிகிற சதுக்கத்தில் நகரசபை மாளிகை இருக்கிறது. அதனுள்ளே 1338-39 ஆண்டுகளில் அம்ப்ரோஜியோ லொரென்செத்தி தீட்டிய சுவர்ச்சித்திரத்தில், நல்லாட்சி நடக்கும் நாட்டின் அடையாளமாக முக்கியமாய்க் காட்டப்படுவது ஒரு சாலை. நகர வாயிலிலிருந்து அது இறங்குகிறது; பிரபுக்கள் வேட்டைக்குக் குதிரையேறிப் போகிறார்கள்; எதிரே மூட்டை சுமந்த கழுதைகளோடு குடியானவர்கள் சந்தைக்கு வருகிறார்கள். எதிர்ச்சுவரில், கொடுங்கோல் நாட்டில், வாளேந்திய அச்சம் காவல் நிற்க, வழியில் சந்தைக்குப் போகிறவர்களே இல்லை. நல்ல சாலையில் குடியானவன் ஓட்டி வரும் பன்றி கறுப்பு, தோளில் மட்டும் வெள்ளைப் பட்டை. அந்த ஜாதிப் பன்றி சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அற்றுப்போகும் நிலைக்கு வந்து, இப்போது மறுபடியும் சியேனாப் பக்கத்துப் பண்ணைகளில் வளர்க்கப்படுகிறது. விலை மட்டும் குடியானவனுக்கு எட்டாது.