தரீபா கலானும் கினாரி பஜாரும்: பழைய தில்லியின் கைவினைத் தெருக்கள்

தரீபா கலான், கினாரி பஜார் ஆகிய இரண்டும் பழைய தில்லியில், சாந்தினி சௌக்கின் தென்புறத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அமைந்த கடைத்தெருக்கள். முன்னது வெள்ளி, நகை, அத்தர் ஆகியவற்றுக்கும், பின்னது ஜரிகை, கோட்டா நாடா, மாப்பிள்ளைத் தலைப்பாகை, பணமாலை முதலிய கல்யாணப் பொருட்களுக்கும் பேர்போனவை. 1639-இல் ஷாஜகான் கட்டத் தொடங்கி, 1648-இல் தலைநகராக்கிய ஷாஜகானாபாத்தின் பகுதிகள் இவை. சாந்தினி சௌக்கை அமைத்தவர் அவருடைய மகள் ஜஹானாரா பேகம். இங்கே வருவோர் பெரும்பாலும் பழமையைக் காணவே வருகிறார்கள். ஆனால் இத்தெருக்களை இன்றுவரை வாழவைத்திருப்பது பழமை அன்று. இங்கே செய்யப்படும் வேலைக்குத் தொடர்ந்து கிடைத்துவரும் வாடிக்கைதான். ஆகவே இவற்றைக் காப்பது என்றால் கட்டடத்துக்கு முன்பாகத் தொழிலைக் காப்பதே முறை.

இதற்குத் தில்லியின் வரலாறே சான்று. 1739-இல் பாரசீக மன்னர் நாதிர் ஷாவின் படை நகரைச் சூறையாடி, மக்களைக் கொன்று குவித்தது. தரீபாவின் முகப்பருகே உள்ள சுனேரி மசூதியிலிருந்து அவர் அந்தப் படுகொலையைப் பார்த்திருந்தார் என்பது வழிவழிச் செய்தி. 1857 செப்டம்பரில் கிளர்ச்சியாளரிடமிருந்து நகரை மீட்ட ஆங்கிலேயர் மக்களை மதிலுக்கு வெளியே துரத்தினர். செங்கோட்டைக்கும் ஜாமா மசூதிக்கும் இடையிலிருந்த குடியிருப்புகளையும் கடைவீதிகளையும் இடித்துத் தள்ளினர். கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாஃபர் ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டதோடு அரண்மனை ஆதரவும் அற்றுப்போயிற்று. 1911-இல் தலைநகர் தில்லிக்கு மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டு, 1931-இல் புது தில்லி திறந்துவைக்கப்பட்டபோது அதிகாரம் தெற்கே போனது. இத்தனைக்கும் பிறகு வெள்ளியும் ஜரிகையும் நிலைத்தன. வணிகக் குடும்பங்களின் கல்யாணமும் சீர்வரிசையும் அரசவையின் இடத்தை நிரப்பியதே காரணம்.

இதே நகரில் தந்தச் செதுக்கு வேலைக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். பெரும் திறமையும் புகழும் கொண்ட தொழில் அது. யானைகளைக் காக்க 1986-இலும் 1991-இலும் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டுத் தந்த வணிகம் தடைசெய்யப்பட்டது. அந்தத் தடை முற்றிலும் நியாயமானது. ஆயினும் வாங்குவார் அற்றபின் தொழில் ஒடுங்கிற்று. ஜாமா மசூதியை ஒட்டிய உருது பஜாரில் நூல்களைக் கையால் எழுதித்தந்த காத்திபுகளின் தொழிலையும் கணினி எழுத்து விழுங்கிவிட்டது. பழமையும் பாராட்டும் மட்டும் ஒரு தொழிலுக்குச் சோறு போடுவதில்லை. வைஸ்ராய் கர்சன் காலத்து 1903 தர்பாரையொட்டித் தில்லியில் மாபெரும் கைவினைக் கண்காட்சி நடந்தது. ஜார்ஜ் வாட் அதற்கு விரிவான பட்டியல் நூல் தொகுத்தார். பொருளைப் போற்றும் அத்தகைய ஏற்பாடுகள் நமக்கு ஆவணங்களைத் தந்தன. அன்றாட வேலையைத் தந்தது கடைத்தெருதான்.

அந்த வேலை ஓடுவது பக்கத்துப் பக்கத்து இருப்பால். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிச் செய்யும் ஜர்தோசிப் பூவேலைக்கு உலோகச் சுருள், மணி, சிதாரா எனும் மினுக்குப் பொட்டு, நாடா எல்லாம் வேண்டும். இவை ஒரே தெருவில் கிடைக்கும்போது, கல்யாண வீட்டார் கேட்கும் நிறத்தையும் அளவையும் அன்றன்றே ஒப்பிட்டு முடிவுசெய்ய முடிகிறது. அறுந்த கொலுசைப் பற்றவைப்பவரும் மெருகேற்றுபவரும் விற்பவரும் நடந்து எட்டும் தொலைவில் இருப்பதும் அப்படியே. சிலப்பதிகாரம் காட்டும் புகாரின் மருவூர்ப்பாக்கத்திலும் கம்மியரும் வணிகரும் அருகருகே வாழ்ந்ததை நினைத்தால், இந்த அமைப்பின் பயன் தமிழ் வாசகருக்குப் புதிதாக இராது.

இங்கு விற்பவற்றில் பெரும்பகுதி சூரத்திலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் வரும் இயந்திரச் சரக்கு, இதில் கைவினை எங்கே என்று கேட்கலாம். கேள்வி சரியானதே. ஆனால் மூலப்பொருள் எக்காலத்திலும் வெளியிலிருந்தே வந்தது. தில்லியில் வெள்ளிச் சுரங்கம் இருந்ததில்லை. தேர்ந்து, பொருத்தி, கேட்டபடி முடித்துத் தருவதில்தான் இத்தெருக்களின் கைத்திறன் இருக்கிறது. அதே சமயம், கைவேலை எது, இயந்திர வேலை எது, அசல் எது, முலாம் எது என்று கடைக்காரர் மறைக்காமல் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் மலிவுச் சரக்கு உண்மையான உழைப்பின் கூலியைத் தின்றுவிடும்.

நெரிசலும் தொங்கும் மின்கம்பிகளும் தீவிபத்து அச்சமும் உள்ள இடத்திலிருந்து தொழிலாளரை வெளியேற்றுவதே நல்லது என்பது இன்னும் வலுவான வாதம். ஷாஜகானாபாத் என்ற இந்த மதில்நகர் முழுவதுமே 1956-ஆம் ஆண்டின் குடிசைப்பகுதிச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட பகுதி. காற்றோட்டமில்லாத அறையை மரபு என்று கொண்டாடுவது உழைப்பவருக்குச் செய்யும் அநீதி. அமிலம் கையாளுதல், உலோகம் உருக்குதல் போன்ற ஆபத்தான வேலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றத்தான் வேண்டும். ஆனால் எல்லோரையும் ஒட்டுமொத்தமாகப் பெயர்த்தால் வேலைச் சங்கிலி அறுந்துபோகும். தில்லி ஷாதிபூரின் கட்புத்லி காலனி 2017-இல் இடிக்கப்பட்டபோது, பொம்மலாட்டக் கலைஞர்கள் உள்ளிட்ட குடும்பங்கள் புது வீட்டுக்காகத் தற்காலிக முகாமில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்ததை மறக்கலாகாது. 2021-இல் செங்கோட்டை முதல் ஃபதேபுரி வரையிலான சாந்தினி சௌக் சாலை நடப்போருக்கு உகந்ததாகச் சீரமைக்கப்பட்டது. பகலில் மோட்டார் வாகனங்களுக்குக் கட்டுப்பாடும் வந்தது. இது நல்ல தொடக்கம். அடுத்து, சீரமைப்புக்கான பணம் பட்டறை அறைகளின் மின்னிணைப்புக்கும் காற்றோட்டத்துக்கும் தீத்தடுப்புக்கும் போகவேண்டும்.

லால் கிலா, ஜாமா மசூதி, சாந்தினி சௌக் மெட்ரோ நிலையங்களிலிருந்து இத்தெருக்களுக்கு நடந்தே வரலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். கினாரி பஜாரிலிருந்து பிரியும் நௌகரா சந்தில் வண்ணம் தீட்டிய 9 பழைய சமண வீடுகளைக் காணலாம். படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். எதையேனும் வாங்கினால் அது யார் கைவேலை என்று விசாரித்து, அதற்குரிய விலையைப் பேரம் பேசிக் குறைக்காமல் கொடுங்கள்.