உள்ளே கடிதம் இல்லாத உறைகள்

தபால் உறை எண்டால் உள்ளுக்கு ஒரு கடிதம் இருக்கவேணும். நினைவு உறை சேர்க்கிறவர்களுக்கு அது தேவையில்லை. முத்திரை, அதன்மேல் குத்திய விசேட தபால்குறி, இடப்பக்கத்தில் ஒரு படம்: செய்தி முழுக்க வெளியிலதான்.

போர்க்காலக் கடற்படையையும் இரகசியக் குறியீடு உடைப்பையும் பற்றிய உறைகளில் இது இன்னும் விசேஷம். பிளெட்ச்லி பார்க்கில் வேலை செய்தவர்கள் 1970கள் வரை வீட்டாரிடம்கூட வாய்திறக்கவில்லை. அந்த இரகசியம்தான் இப்ப எவரும் பார்க்கும்படி உறையின் முகப்பில் இருக்கு. 2012இல் பிரித்தானிய அஞ்சல்துறை அலன் ரியூரிங்கை நினைவுகூர்ந்து வெளியிட்ட முத்திரையில் இருப்பது அவருடைய முகமில்லை. எனிக்மாவை உடைக்க உதவிய 'பொம்ப்' இயந்திரம்.

ஆனால் இயந்திரம் மட்டும் குறியீட்டை உடைக்கவில்லை. 1942 பெப்ரவரியில் அத்லாந்திக்கின் ஜேர்மன் நீர்மூழ்கிகள் நான்கு சில்லு எனிக்மாவுக்கு மாறின. அதன்பிறகு பத்து மாதம் பிளெட்ச்லிக்கு அவற்றின் செய்திகள் பிடிபடவே இல்லை. அந்த ஒக்டோபர் 30 இரவு, கிழக்கு மத்தியதரைக் கடலில் யு-559 என்ற நீர்மூழ்கி அடிபட்டு மூழ்கிக்கொண்டிருந்தது. 'பெட்டார்ட்' கப்பலின் ரொனி பாசனும் கொலின் கிரேசியரும் அதற்குள் இறங்கிக் குறியீட்டுப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார்கள். வாங்கி மேலே கொண்டுவந்தவன் கப்பல் சிற்றுண்டிச்சாலையில் வேலைசெய்த ரொமி பிறவுண். வயது 16. நீர்மூழ்கி திடீரெண்டு தாழ்ந்தபோது உள்ளே இருந்த இருவரும் வெளியே வரவில்லை. அந்தப் புத்தகங்களை வைத்துத்தான் டிசம்பர் 13இல் பூட்டு மறுபடி திறந்தது.

இந்த வேலை எங்கட ஊரிலும் நடந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த பிரித்தானியக் குறியீட்டுப் பிரிவு 1942இன் தொடக்கத்தில் கொழும்பில், ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருந்துகொண்டு யப்பானியச் செய்திகளை ஒட்டுக்கேட்டது. தாக்குதல் வரப்போகுது எண்டு முன்கூட்டியே எச்சரித்தது. ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அந்த 9ஆம் திகதியே 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல், தன் விமானங்கள் ஒன்றுமில்லாமல், மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். செய்தி தெரிந்திருந்தால் மட்டும் போதாது. அதை வைத்து என்ன செய்ய முடிந்தது எண்டதும் வரலாறுதான்.

உறை சேர்க்கிறதை வெறும் பொழுதுபோக்கு எண்டு தள்ளிவிடாதீங்கோ. ஒரு உறை கையில் கிடைத்தால் மூன்று கேள்வி கேளுங்கோ: தபால்குறியில் எந்தத் திகதி? படத்தில் யார்? படத்தில் வராமல் போனவர் யார்? மூன்றாவது கேள்விக்கு விடை உறையில் இருக்காது. அதை நீங்கள்தான் தேடிப்போக வேணும்.